எல்லாருக்கும் மூச்சு இருபது: கொங்கு நாட்டில் ஒரு ஆடி வாரம்

திங்கள், ஈரோடு

திருச்சியில் காலை ரயில் ஏறினால், கரூர் தாண்டியதும் காவிரி மறுபடி கூடவே வரத் தொடங்கிவிடும். புகளூர், கொடுமுடி, அப்புறம் ஈரோடு. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, பெட்டியில் ஆடிப்பெருக்குக்குப் போகிற கூட்டம் நெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி, "ஏனுங் கண்ணு, எந்த ஊருக்குங்க போறீங்க?" என்று ஆரம்பித்தார். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் முழங்காலைக் காட்டிவிட்டார். கொடுமுடி வரைக்கும் முழங்கால்தான். எனக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊரில் அதட்டலாக வருகிற கேள்வி இங்கே ஒரு 'ங்க' சேர்ந்து பணிவாக வருகிறது. வலி என்னவோ இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

நான் ஒரு மிஷன் நர்சிங் பள்ளியில் பாடம் எடுப்பவள். நெறிமுறை வகுப்பும் என் தலையில்தான். புத்தகத்தில் கருணைக் கொலை இருக்கிறது, கருக்கலைப்பு இருக்கிறது, உறுப்பு மாற்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கிறிஸ்தவ நர்ஸ் என்ன நிலை எடுக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. படித்து முடித்து வேலைக்குப் போன பிள்ளைகள் போனில் அழும்போது இந்தத் தலைப்புகள் ஒன்றுகூட வருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளியின் சார்ட்டில் எதை எழுதச் சொன்னார்கள் என்றுதான் அழுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் கொங்கு நாட்டு ஆஸ்பத்திரிகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று லீவு போட்டுக் கிளம்பினேன். கூடப் படித்த சிநேகிதிகளையும் பார்த்த மாதிரி ஆகும்.

ஈரோட்டில் என்னை அழைக்க வந்தவள் பழைய மாணவி. ஒரு தனியார் ஆஸ்பத்திரி வார்டில் வேலை. பன்னீர்செல்வம் பார்க் பக்கம் பிரப் ஆலயத்தைக் காட்டினாள். ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் மிஷனுக்காக வந்த பிரப் பாதிரியார் பெயரில் இருக்கிற ஆலயம் அது. பழைய ஆட்கள் பிரப் ரோடு என்று ஒரு சாலையையே சொல்வார்கள். ஆலயத்துக்கு வெளியே நிழலில் நின்றபடியே கேட்டேன், வார்டு எப்படி இருக்கிறது என்று.

"எல்லாருக்கும் மூச்சு இருபதுதான் மேடம்" என்று சிரித்தாள்.

நர்ஸ்களுக்கு இது புரிந்துவிடும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு மெஷின் இருக்கிறது, நாடித் துடிப்பையும் ஆக்சிஜனையும் விரலில் மாட்டுகிற கருவி சொல்லிவிடும். சாதாரண வார்டில் மூச்சை மட்டும் கண்ணால்தான் எண்ண வேண்டும். நோயாளிக்குத் தெரியாமல் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரியான அளவு. முப்பது நோயாளிக்கு முப்பது நிமிடம் யாருக்கு இருக்கிறது? அதனால் எல்லாருக்கும் 20 என்று எழுதிவிடுவார்கள். இறந்துகொண்டிருப்பவருக்கும் 20, டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கும் 20. ஆனால் உடம்பு மோசமாகப் போகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த மூச்சுக் கணக்குதான். வேறு எல்லாம் பின்னால்தான் வரும்.

ஒரு ராத்திரி இவள் ஒரு பெரியவருக்கு எண்ணியிருக்கிறாள். 32 வந்தது. முந்தைய டூட்டியில் மூன்று தடவையும் 20 என்று இருக்கிறது. இவள் 32 என்று எழுதி டாக்டரைக் கூப்பிட்டாள். வார்டு இன்சார்ஜ் வந்து சார்ட்டைப் பார்த்துவிட்டு, "20க்கு அடுத்து நேரா 32 போட்டா நாளைக்குக் கேள்வி வரும், நடுவுல ஒரு 24 போட்டு வை, படிப்படியா ஏறின மாதிரி இருக்கும்" என்றாராம். இவள் போடவில்லை. பெரியவருக்கு நிமோனியா. விடிவதற்குள் ஐசியுவுக்கு மாற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். இவளுக்குக் கிடைத்தது தொடர்ந்து நைட் டூட்டி.

நர்சிங் பள்ளியில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்போம்: எழுதாதது செய்யாதது. செய்ததை எல்லாம் எழுதி வை, இல்லாவிட்டால் கோர்ட்டில் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். பாதிப் பாடம்தான் இது. செய்யாததை எழுதாதே என்கிற மறுபாதியை யாரும் அத்தனை அழுத்தமாகச் சொல்வதில்லை. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று மத்தேயு 5:37இல் இருப்பதை ஞாயிறு பள்ளியில் சத்தியம் பண்ணக் கூடாது என்பதற்கான வசனமாகப் படித்தோம். எனக்கு அது வர வர கேஸ் ஷீட்டுக்கு எழுதின வசனமாகவே தெரிகிறது.

சாயங்காலம் ஆற்றைத் தாண்டிப் பள்ளிபாளையம். அந்த ஊர் பெயரில் இருக்கிற சிக்கனை அந்த ஊரிலேயே சாப்பிட்டாயிற்று. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். மசாலாப் பொடி கிடையாது. இதே ஊர் பெயர் செய்தித்தாளில் வேறு காரணத்துக்காகவும் வருகிறது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற கதைகள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பை விற்கக் கூடாது. நெருங்கிய சொந்தம் இல்லாதவர் கொடுப்பதென்றால், பாசத்தால் கொடுக்கிறார் என்று அங்கீகாரக் குழு நம்ப வேண்டும். ஆக, தரகர் செய்கிற முதல் வேலை பாசத்தைக் காகிதத்தில் எழுதுவது. தறிச் சத்தம் கேட்கிற தெருவில் நடக்கும்போது அதைத்தான் யோசித்தேன். அந்தக் காகிதம் கட்டிலுக்கு வரும்போது, கொடுப்பவரின் கையில் ஊசி குத்துகிறவள் ஒரு நர்ஸ்தானே. வாங்கிக்கொள்கிறவரின் பெயர்கூடக் கொடுப்பவருக்குத் தெரியவில்லை என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

செவ்வாய், கோபிசெட்டிபாளையம் பக்கம்

கவுந்தப்பாடி வழியாக பஸ். இறங்கி நாட்டுச் சர்க்கரை வாங்கினேன். கோபி பக்கம் பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. வாய்க்கால், நெல், கரும்பு, மஞ்சள், தென்னை. என் சிநேகிதி இந்தப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பிரண்ட். அவள் குவார்ட்டர்ஸில் தங்கல். ராத்திரி சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேஷுவாலிட்டியிலிருந்து போன் வந்தது. நானும் கூடப் போனேன். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போனவரைக் காலில் பாம்பு தீண்டியிருக்கிறது. கணுக்காலுக்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். பாம்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. ஒருவர் கண்ணாடி விரியன் என்றார், ஒருவர் சாரை என்றார். கூட வந்தது ஏழெட்டுப் பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

டூட்டியில் இருந்தது இருபத்து மூன்று வயதுப் பெண். டாக்டர் வந்து பார்த்தார், கட்டைத் தளர்த்தினார், இருபது நிமிட ரத்தச் சோதனைக்குச் சொன்னார். இந்தச் சோதனைக்கு லேப் வேண்டாம். புதுக் கண்ணாடிக் குழாய் ஒன்று போதும். பிளாஸ்டிக் உதவாது, சோப்புப் போட்டுக் கழுவின குழாயும் உதவாது, அதில் உறைய வேண்டிய ரத்தமும் உறையாமல் ஏமாற்றிவிடும். நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்துக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு ஒரே தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் கட்டியாக நிற்கும். கண்ணாடி விரியன் விஷம் ஏறியிருந்தால் தண்ணீர் மாதிரி ஓடும்.

அந்தப் பெண் குழாயை ஸ்டாண்டில் நிறுத்தி, நேரத்தைக் குழாயின் மேலேயே பிளாஸ்டரில் எழுதி ஒட்டினாள். பக்கத்திலேயே நின்றாள். இருபது நிமிடம் கேட்க எளிது. ஏழெட்டுச் சொந்தக்காரர்கள் நடுவே நின்று பாருங்கள்.

"ஏனுங் சிஸ்டர், சும்மா நின்னுட்டு இருக்கறீங்க? விஷ ஊசியப் போட்டு உடுங்க, அப்பறம் பாத்துக்கலாமுங்க."

"சித்தெ பொறுங்க அப்புச்சி. தேவையில்லாம அந்த ஊசி போட்டா அதுவே ஆபத்துங்க."

அவள் சொன்னது உண்மை. அந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராவது. சிலருக்கு ஒவ்வாமையில் மூச்சே அடைக்கும். விஷம் ஏறின அடையாளம் இருந்தால்தான் போட வேண்டும். எட்டு நிமிடம் ஆனபோது ஒருவர் குழாயை எடுத்துப் பார்க்கக் கையை நீட்டினார். அவள் குறுக்கே நின்றுகொண்டாள். பதினான்காவது நிமிடம் வேறொரு கட்டிலிலிருந்து சிரிஞ்ச் பம்ப் கத்தியது. என் சிநேகிதி போய்ப் பார்த்துக்கொண்டாள். இருபது முடிந்ததும் சாய்த்தாள். கட்டி அசையவில்லை. உறைந்திருந்தது.

உடனே கூட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. ஒண்ணுமில்லை, சாரைதான். பக்கத்து ஊரில் விஷத்துக்கு மந்திரித்துப் பாடம் போடுகிறவர் இருக்கிறார், அவரிடம் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு மாமா வண்டிச் சாவியை எடுத்தார். டாக்டர் விடவில்லை. மணிக்கு ஒரு தரம் மறுபடி பார்க்க வேண்டும், காலையில் பேசலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போனார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த இடம்தான். முதல் சோதனையின்போது எல்லார் கண்ணும் குழாயில் இருந்தது. அடுத்த மணி நேரம் யாரும் பார்க்கவில்லை. சொந்தக்காரர்களில் பாதிப்பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நோயாளி தூங்குகிறார். வார்டில் இன்னும் பன்னிரண்டு பேர். 'உறைந்தது' என்று எழுதினால் ஒரு சொல், ஒரு கையெழுத்து. அவள் மறுபடி ரத்தம் எடுத்தாள், மறுபடி புதுக் குழாய், மறுபடி பிளாஸ்டரில் நேரம். கணுக்கால் சுற்றளவை டேப்பால் அளந்து முன்பு பேனாவால் போட்ட கோட்டோடு ஒப்பிட்டாள். வீக்கம் கோட்டைத் தாண்டியிருந்தது. இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தபோது ரத்தம் குழாயின் வாய் வரைக்கும் வழிந்து வந்தது.

அப்புறம் எல்லாம் வேகம்தான். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் கையருகே எடுத்து வைத்து, பத்து குப்பி விஷமுறிவு மருந்தைக் கலந்து ஏற்றினார்கள். காலையில் நான் பார்த்தபோது ஆள் எழுந்து உட்கார்ந்து, "காப்பி கெடைக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு மூன்று நாள் கண்காணிப்பு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் இரண்டாம் சோதனையைப் பற்றிப் பேசலாம் என்று பார்த்தேன். "டூட்டி முடிஞ்சுது மேடம், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று ஓடிவிட்டாள்.

புதன், குன்னத்தூர் வழி

திருப்பூர் பஸ் கிராமங்களுக்குள் புகுந்து போகிறது. சில வாசல்களில் சாணத்துக்குப் பதிலாகப் பவுடர் கரைத்துத் தெளித்த அழுத்தமான மஞ்சள். இந்தப் பக்கத்து நர்ஸ்களுக்கு அந்த நிறத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். சாணிப் பவுடர் என்று சொல்லப்படுகிற அது உண்மையில் சாயம்; கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் மனம் உடைந்தவர்களின் கைக்கு எட்டுகிற விஷமாகவும் ஆகிவிட்டது. விற்கக் கூடாது என்று அதிகாரிகள் சோதனை போடுகிறார்கள், வாசல் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

குன்னத்தூரில் ஏறிய சிநேகிதியோடு இதைப் பற்றித்தான் பேச்சு. வீட்டார் கெஞ்சுவார்கள்: "சாப்பாடு ஒத்துக்கலைன்னு எழுதிக்கங்க சிஸ்டர், போலீஸ் வந்தா பொண்ணோட வாழ்க்கையே போயிருமுங்க." அந்தக் கெஞ்சல் பொய் இல்லை, பயம். ஆனால் சாப்பாட்டு விஷம் என்று எழுதினால் மருந்தும் அதற்குத்தான் போகும், மனநல டாக்டரை யாரும் கூப்பிட மாட்டார்கள், அதே பெண் அதே வீட்டுக்குத் திரும்பிப் போவாள். சட்டம் இப்போது அவர்கள் நினைக்கிற மாதிரி இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே கிடையாது. என் சிநேகிதி இதை வீட்டாரை உட்கார வைத்துச் சொல்கிறாள். 104க்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுப் பேசலாம் என்பதையும் சொல்கிறாள். சொன்ன பிறகு உள்ளதை எழுதுகிறாள். வாசலில் நின்று யாருக்கும் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்வதில்லை. உண்மையை எழுதுவது ஒன்று, ஊருக்குச் சொல்வது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிற 'நேர்மையான' ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மழை இல்லை. ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கச் சொல்லியிருந்தார்கள், வழியில் ஊத்துக்குளியே வரவில்லை.

வியாழன், திருப்பூர்

இந்த ஊரில் நேரத்தை ஷிப்ட்டில் சொல்கிறார்கள். "ஒன்றரை ஷிப்ட் ஆச்சு" என்றால் இரவாகிவிட்டது என்று அர்த்தம். டீக்கடையில் தமிழுக்குச் சமமாக ஒடியாவும் இந்தியும் காதில் விழுகிறது.

இங்கே ஒரு நர்ஸிங் ஹோமில் வேலை பார்க்கிற எங்கள் பழைய மாணவன். ஆண் நர்ஸ். அவனையும் நோயாளிகள் 'டாக்டரே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் திருத்துகிறான். போன மாதம் நடந்ததைச் சொன்னான். கட்டிங் மெஷினில் இரண்டு விரல் சிதைந்த பையன், ஒடிசாக்காரன், கூடவே காண்ட்ராக்டர். "நம்ம பையனுங்க, பைக்ல உழுந்துட்டான்னு எழுதிக்கங்க. செலவு நான் பாத்துக்கறேன்." பணம் உடனே கட்டத் தயார். பையனுக்குத் தமிழ் தெரியாது.

வெளியிலிருந்து பார்த்தால் இதில் யாருக்கு நஷ்டம் என்றே தோன்றாது. சிகிச்சை ஒன்றுதான், செலவும் அவர் தருகிறார். வேலையிடத்துக் காயம் என்று பதிவானால் கதை வேறு. இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டில் சேர்ந்த தொழிலாளி என்றால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் தற்காலிக ஊனப் பலனாக வரும். விரல் நிரந்தரமாகப் போனால் மாதா மாதம் ஒரு தொகை. சேர்க்காமல் விட்டிருந்தால் கேள்வி கம்பெனிக்குப் போகும். வேலைக்குச் சம்பந்தமில்லாமல் பைக்கில் விழுந்தவனுக்கு இதில் ஒன்றும் கிடையாது. 'எப்படி ஏற்பட்டது' என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி இருக்குமே, அந்த வரிதான் அந்தப் பையனின் இரண்டு விரலுக்கு விலை.

இவன் என்ன செய்தான்? காண்ட்ராக்டரிடம் சண்டை போடவில்லை. வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்து வார்டிலிருந்த ஒரு ஒடியா தொழிலாளியைக் கூப்பிட்டுப் பையனிடமே கேட்கச் சொன்னான். பையன் கையால் மெஷின் ஓடுவதைப் போலக் காட்டினானாம். அதை அப்படியே எழுதினான்: "துணி வெட்டும் மெஷினில் என்று நோயாளி சொல்கிறார்." டூட்டி டாக்டரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காண்ட்ராக்டர் அன்றைக்கே பையனை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

"அங்க என்ன எழுதினாங்களோ மேடம், யாருக்குத் தெரியும்?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைப் பையன் கையில் தனியாகக் கொடுத்து அனுப்பியதாகச் சொன்னான். அதைப் பத்திரமாக வைத்திருந்தால் சரி.

வெள்ளி, தாராபுரம் சாலை

காற்று. அவினாசிபாளையம் தாண்டிக் குண்டடம் வரும்போது பஸ் ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று. இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் வாயெல்லாம் மண். தாராபுரத்தில் அரிசிம்பருப்புச் சாதம், நெய் தாராளம். அங்கிருந்து கள்ளிமந்தையம் வழியாக ஒட்டன்சத்திரம். முருங்கைத் தோட்டங்கள். இருட்டும் நேரத்தில் மார்க்கெட் பக்கம் கேரளாவுக்குப் போகிற காய்கறி லாரிகள்.

சனி, ஒட்டன்சத்திரம்

இங்கே கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் ஆஸ்பத்திரியைப் பார்க்காமல் எந்த மிஷன் நர்ஸும் திரும்பமாட்டாள். 1955இல் டாக்டர் ஏ. கே. தரியனும் கூட்டாளிகளும் தொடங்கியது. அவர்களில் ஒருவரான டாக்டர் ஜேக்கப் செரியன் பின்னர் பக்கத்தில் அம்பிளிக்கையில் இன்னொரு ஆஸ்பத்திரியை வளர்த்தார். அதற்கும் முன்னால், 1921இல், திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசன், ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமம் என்று தொடங்கிக் கதர் உடுத்தி, எளிய சாப்பாடு சாப்பிட்டு, வைத்தியம் பார்த்தார்கள். இந்த எளிமையை நம் சபைகளில் தியாகக் கதையாகச் சொல்லிக் கண்ணீர் விடுவார்கள். எனக்கு அதில் ஒரு கணக்கும் தெரிகிறது. ஸ்கேன் மெஷினுக்கு மாதத் தவணை கட்ட வேண்டியவருக்குத் தலைவலிக்கெல்லாம் ஸ்கேன் தேவைப்படும். டாக்டர் கமிஷன் வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிகளிலேயே இருக்கிறது, இருந்து என்ன? வீட்டுச் செலவும் கட்டடக் கடனும் குறைவாக இருக்கிற இடத்தில் பில்லில் உண்மை எழுதுவது கொஞ்சம் சுலபம்.

ஆனால் எளிமை யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். டாக்டர் தானாக எளிமையாக வாழ்வது வேறு. மூன்று பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டுகிற நர்ஸிடம், 'இது ஊழியம் அம்மா' என்று சொல்லிச் சம்பளத்தைப் பிடித்து வைப்பது வேறு. இரண்டாவதைச் செய்கிற கிறிஸ்தவ நிர்வாகங்களை எனக்குத் தெரியும். காலையில் சாப்பலில் பாட்டு, மாலையில் சம்பளப் பதிவேட்டில் வேறு தொகை. அதுவும் செய்யாததை எழுதுகிற வகைதான்.

மத்தியானம் இன்னொரு சிநேகிதி வீட்டில் சாப்பாடு. ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருஷம். முன்பு வேலை பார்த்த வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னாள். தியேட்டருக்கு வந்த ஓர் அம்மா, நெற்றியில் திருநீறு, கையில் பழனியில் கட்டிய கயிறு. கயிற்றை வெட்டச் சொல்லி இளைய நர்ஸ் கத்தரிக்கோல் எடுத்தாள். இவள் தடுத்து, கயிற்றின் மேல் காஸ் சுற்றி பிளாஸ்டர் ஒட்டினாள். பிறகு வழக்கம் போல, "அம்மா, நாங்க ஜெபம் பண்ணிட்டுத்தான் ஆரம்பிப்போம், பண்ணலாமா? வேண்டாம்னாலும் சரி" என்று கேட்டிருக்கிறாள்.

"பண்ணுங்க சிஸ்டர். எங்க முருகங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேனுங்க."

கண்ணை மூடுவதற்கு முன்னால் இவளுக்கு ஒரு பழக்கம். என்ன ஆபரேஷன் என்று நோயாளியின் வாயாலேயே சொல்லச் சொல்வாள். "வயித்துல கட்டிங்க, கட்டிய எடுக்கறாங்க" என்றார் அந்த அம்மா. சம்மதப் படிவத்தில் கர்ப்பப்பையையே எடுப்பதாக இருந்தது, கீழே கைநாட்டு. இவள் ஜெபத்தை நிறுத்தினாள். கைகழுவிக்கொண்டிருந்த டாக்டரைக் கூப்பிட்டாள். அவருக்குக் கோபம், லிஸ்டில் இன்னும் நான்கு கேஸ். ஆனாலும் வந்து, கட்டில் ஓரத்தில் நின்று, கட்டியை மட்டும் எடுத்தால் என்ன, பையோடு எடுத்தால் என்ன என்று தமிழில் சொன்னார். அந்த அம்மா வீட்டுக்காரரிடம் பேச வேண்டும் என்றார். அன்றைக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே வந்து, பையை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கைநாட்டு இல்லை, கையெழுத்து. எழுதத் தெரிந்தவர்தான், முதல் தடவை யாரும் கேட்கவில்லை.

ஜெபத்தைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு வாக்குவாதம் எப்போதும் உண்டு: வார்டில் ஜெபிக்கலாமா, துண்டுப் பிரசுரம் கொடுக்கலாமா என்று. கட்டிலில் படுத்திருப்பவர் எழுந்து போக முடியாதவர். அவரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல இடம் வைத்துவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. துண்டுப் பிரசுரம் கூடவே கூடாது. என் சிநேகிதிக்கு இதில் பாதி சம்மதம், பாதி இல்லை. சாப்பிட்டு முடித்தும் அந்தச் சண்டை முடியவில்லை.

ஞாயிறு, கோவை

பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக நேற்று ராத்திரியே வந்துவிட்டேன். காலையில் சிநேகிதியோடு அவள் சபைக்குப் போனேன். லண்டன் மிஷனின் ஆடிஸ் பாதிரியார் 1830இல் கோவைக்கு வந்ததிலிருந்து இந்த ஊரில் சபைகளுக்குப் பஞ்சமில்லை. இவள் ஒரு ஆஸ்பத்திரியில் ஓபி இன்சார்ஜ். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அவளைச் சுற்றி ஒரு சின்ன ஓபி. ஒருவருக்கு ரிப்போர்ட் படித்துக் காட்ட வேண்டும், ஒருவருக்குப் பில்லில் குறைக்கச் சொல்ல வேண்டும், ஒரு பாட்டிக்கு ஊசி வேண்டும், எதற்கென்று பாட்டிக்கே தெரியவில்லை.

நல்ல வேட்டி சட்டையில் ஒரு அண்ணன் காத்திருந்து எல்லாரும் போனபிறகு வந்தார். பத்து நாள் லீவு எடுத்து வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் எல்லாம் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். ஆபீஸில் மெடிக்கல் சர்டிபிகேட் கேட்கிறார்கள். "காய்ச்சல்னு போட்டாப் போதும் சிஸ்டர். உங்க டாக்டர் நீங்க சொன்னாக் கேப்பாருங்க. நாமெல்லாம் ஒரே சபைதானுங்களே."

"காய்ச்சல் இருந்துதுங்களா அண்ணா?"

"இல்லீங்க. இருந்திருக்கலாமுங்க, வெயில்ல அலைஞ்சமில்ல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. "சர்டிபிகேட்டுக்கு நான் சொல்ல மாட்டேனுங்கண்ணா. ஆனா போன வருஷம் உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு சொன்னாங்களே, அப்பறம் டெஸ்ட் பண்ணவே இல்லை. நாளைக்குக் காலைல வெறும் வயித்துல வாங்க. ஏழரைக்கு டோக்கன் கொடுப்பாங்க."

"டோக்கனுங்களா? நாம வந்தாலுமா?"

"வந்தாலும் டோக்கன்தானுங்கண்ணா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். வெறும் வயிறு என்றால் காப்பி குடிக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றாள். சரீங்க என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மதியம் எனக்கு ரயில். நாளைக்கு அவர் வந்தாரா என்று அவள்தான் போனில் சொல்ல வேண்டும்.